வளம் கூடிய பள்ளத்து வயலில் விளைச்சல் குறைவது ஏன்? (சம்பா நெல், மண்வளம், நீர் நிர்வாகம்)

கேள்வி: கடைமடைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில், ஒரே வாய்க்காலில் நீர் பெறும் இரண்டு வயல்களில் சம்பா சாகுபடி செய்து வருகிறேன். ஒன்று மடையை ஒட்டிய மேட்டு வயல். மற்றொன்று வடிகாலை ஒட்டிய பள்ளத்து வயல். கடந்த சம்பாவில் இரண்டிலும் சி.ஆர். 1009 சப் 1 ரகத்தை ஒரே நாற்றங்காலிலிருந்து பறித்து ஒரே வாரத்தில் நட்டோம். ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி., மூன்று மூட்டை யூரியா, அரை மூட்டை பொட்டாஷ் என உரமும் ஒரே அளவுதான். அப்படியிருந்தும் 60 கிலோ மூட்டைக் கணக்கில் மேட்டு வயல் ஏக்கருக்கு 32 மூட்டை கண்டது. பள்ளத்து வயல் 24 மூட்டையைத் தாண்டவில்லை. இந்த வேறுபாடு ஒரே ஆண்டில் வந்ததன்று. சில ஆண்டுகளாகவே இப்படித்தான் இருக்கிறது.

அறுவடைக்குப் பிறகு மண் எடுத்து ஆய்வுக்குக் கொடுத்தேன். மேட்டு வயலில் கார அமில நிலை (pH) 7.6, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 0.5, அங்ககக் கரிமம் 0.42 விழுக்காடு, கிடைக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) எக்டருக்கு 205 கிலோ என்று வந்திருக்கிறது. பள்ளத்து வயலில் இவை முறையே 8.2, 1.3, 0.78 விழுக்காடு, 290 கிலோ. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இரண்டிலும் அதிகம் என்றே குறிப்பிட்டிருக்கிறார்கள். மண் ஆய்வு அட்டையைப் பார்த்தால் பள்ளத்து வயல்தான் வளமானது. ஆனால் களஞ்சியத்தில் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. உரக்கடையில் இன்னும் ஒரு மூட்டை யூரியா கூட்டச் சொல்கிறார்கள். பக்கத்து வயல்காரர்களோ தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள்.

கூடுதல் விவரம்: ஐப்பசி மழை தொடங்கியதும் பள்ளத்து வயலில் கெண்டைக்கால் அளவு நீர் நிற்கும், கார்த்திகை முடியும்வரை முழுமையாக வடியாது. மேலுரத்தை அந்தத் தண்ணீரிலேயேதான் தூவ வேண்டியிருந்தது. நட்டு மூன்று வாரம் ஆனபோது ஆங்காங்கே திட்டுத்திட்டாகப் பயிர் குட்டையாகி, கீழ் இலைகளில் துருப் பிடித்தது போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றின. மேட்டு வயலில் அறுவடைக்கு முன் உளுந்து தெளித்துவிடுவேன். பள்ளத்தில் சேறு காயாததால் தெளிப்பதில்லை. வரும் சம்பாவுக்கு முன் எதை மாற்ற வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: சேற்றுமண்

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஆய்வகம் சொன்னதும் தவறன்று, நெல் சொன்னதும் தவறன்று. இரண்டும் வெவ்வேறு மண்ணைப் பற்றிப் பேசுகின்றன. ஆய்வகத்தில் மண்ணை நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்த பிறகே சோதிக்கிறார்கள். நெற்பயிர் வாழ்வதோ மாதக்கணக்கில் காற்றே புகாத சேற்றில். நீர் தேங்கிய சில நாட்களிலேயே மண்ணிலுள்ள பிராணவாயு தீர்ந்துவிடுகிறது. அதன்பின் நுண்ணுயிரிகள் முதலில் நைட்ரேட்டையும், அடுத்து மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகளையும், அதன்பின் சல்பேட்டையும் பயன்படுத்தி வாழத் தொடங்குகின்றன. பிலிப்பைன்சின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய இலங்கை மண் வேதியியலாளர் பொன்னம்பெரும இந்த மாற்றங்களை வரிசைப்படுத்தி 1972இல் வெளியிட்ட விளக்கம்தான் இன்றளவும் இத்துறைக்கு அடிப்படை.

இந்த மாற்றங்களால் நெல்லுக்கு நன்மையும் உண்டு. இரும்பு கரையும்போது அதனுடன் பிணைந்திருந்த மணிச்சத்து விடுபடுகிறது. களர்த்தன்மையுள்ள மண்ணின் கார அமில நிலை நடுநிலையை நோக்கி இறங்குகிறது. அம்மோனிய வடிவிலுள்ள தழைச்சத்து அடித்துச் செல்லப்படாமல் களிமண்ணில் தங்குகிறது. ஆனால் வடியவே வழியில்லாமல் நீர் நின்றுகொண்டே இருந்தால், அந்த வரிசையில் பின்னால் வரும் சல்பைடு நிலைக்கு மண் போய்விடுகிறது. அப்போது ஹைட்ரஜன் சல்பைடு வேரைத் தாக்குகிறது. துத்தநாகம் கரையாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. நீங்கள் சொன்ன துருப் புள்ளிகளும், குட்டைத் திட்டுகளும், நட்டு மூன்று வாரத்தில் தோன்றியதும் துத்தநாகக் குறைபாட்டுக்கே உரிய அடையாளங்கள். கார அமில நிலை 8.2, கரிமம் கூடுதல், இடைவிடாத நீர் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த வயலில் அது தோன்றாமலிருந்தால்தான் வியப்பு. 1960களில் வட இந்தியாவில் இமயமலை அடிவாரத் தராய்ப் பகுதியில் நெல்லைத் தாக்கிய 'கைரா' நோய் இந்தக் குறைபாடுதான் என்று பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த பிறகே நம் நாட்டில் ஜிங்க் (துத்தநாக) சல்பேட் இடும் பழக்கம் பரவியது.

கரிமம் 0.78 இருப்பதை மட்டும் வைத்து வளம் என்று மகிழ வேண்டாம். மேட்டு வயல் ஒவ்வோர் ஆண்டும் உலர்ந்து, காற்றோட்டம் பெற்று, உளுந்தையும் தாங்குகிறது. அங்கே அங்ககப் பொருள் மட்கித் தழைச்சத்தைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் கரிமம் குறைவாகத் தெரிகிறது. பள்ளத்தில் தாளும் வேரும் அரைகுறையாக மட்கித் தேங்குகின்றன. அதாவது இருப்பு கூடுகிறது, வரவு குறைகிறது. மேற்சொன்ன நெல் ஆராய்ச்சி நிறுவனம் லாஸ் பானோஸ் வளாகத்தில் 1960களிலிருந்து ஒரே நிலத்தில் ஆண்டுக்கு மூன்று போகம் வரை நெல் பயிரிட்டு வருகிறது. மண்ணின் அங்ககப் பொருள் குறையாதபோதும், அதே அளவு உரத்துக்கு அங்கே 1990 வரை விளைச்சல் படிப்படியாகச் சரிந்தது. போகங்களுக்கு இடையே நிலத்தை உலரவிட்டு, தழைச்சத்து இடும் அளவையும் காலத்தையும் திருத்திய பின்னரே அது மீண்டது. உங்கள் பள்ளத்து வயலின் நோய் அதுவேதான் என்று நான் கருதுகிறேன்.

ஒரு சோதனை சொல்கிறேன். வரும் பருவத்தில் நட்டு ஒரு மாதம் கழித்து இரண்டு வயல்களிலும் ஒவ்வொரு தூரை மண்ணோடு தோண்டி எடுத்து, வாளி நீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். நலமான வேர் செம்பழுப்பு மேற்பூச்சோடும், வெண்மையான புது நுனிகளோடும் இருக்கும். கருத்து, கொழகொழவென்று, முகர்ந்தால் கூழ்முட்டை வாடை வீசினால் நான்காவது மூட்டை யூரியாவைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. உறிஞ்ச வேர் இல்லாத பயிருக்கு உரத்தால் பயனில்லை.

பதில் 2: மன்னார்குடி வயல்

மண் வேதியியல் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் சப் 1 ரகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளத்தைத் தாங்கும் ரகம் என்று நம்பிப் பலரும் இதைப் பள்ளத்தில் நடுகிறார்கள். பயிர் முழுவதும் நீரில் மூழ்கினால் இரண்டு வாரம் வரை உறக்க நிலையில் இருந்து, நீர் வடிந்ததும் துளிர்ப்பதுதான் இந்த மரபணுவின் குணம். அரையடி முதல் ஒரு அடி நீர் மாதக்கணக்கில் நிற்பதை அது தாங்கும் என்று பொருளில்லை. அத்தகைய நீரில் தூர் கட்டுவது குறைந்துவிடும். எனவே, உங்கள் இரு வயல்களிலும் சதுர மீட்டருக்குக் கதிர் எண்ணிக்கையை எண்ணிப் பாருங்கள். எட்டு மூட்டை வேறுபாட்டில் பெரும்பகுதி அங்கேயே தெரியும்.

வடிகாலைக் கடைசியாக எப்போது தூர் வாரினீர்கள் என்பதும் முக்கியம். எங்கள் பகுதியில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிய வடிகாலால், மழை நின்ற பிறகும் பத்து நாள் நீர் பின்வாங்கி வயலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. பாசன வாய்க்காலுக்காகச் சண்டை போடுகிற நாம் வடிகாலைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பதில் 3: கடைமடைக்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. களையெடுத்த பெண்கள், "இந்த வயலில் காலை எடுத்தாலே கூழ்முட்டை நாறுகிறது" என்று கடந்த ஆண்டே சொன்னார்கள். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. வடிகாலில் ஆகாயத்தாமரை இருக்கிறது. அது ஐந்து பேருடைய வயல்களை ஒட்டிப் போவதால் ஒருவர் மட்டும் வாரிப் பயனில்லை.

'காய்ச்சலும் பாய்ச்சலுமாக', அதாவது நீரை வற்றவிட்டு மறுபடி கட்டும் முறையில், நீர் கட்டச் சொல்லி வேளாண்மைத் துறையினர் ஊர்க் கூட்டத்தில் கூறினார்கள். பள்ளத்து வயலுக்கும் அது பொருந்துமா? முறைப்பாசனத்தில் எங்களுக்குத் தண்ணீர் வரும் நாள் உறுதியில்லை என்பதையும் கருத்தில் கொண்டு கூறுங்கள். யூரியா அளவைப் பற்றியும் தெளிவு வேண்டும்.

பதில் 4: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

முதலில் உரக் கணக்கு. டி.ஏ.பி. ஒரு மூட்டையில் 9 கிலோவும், 45 கிலோ எடையுள்ள யூரியா மூன்று மூட்டைகளில் 62 கிலோவும் ஆக, ஏக்கருக்கு 71 கிலோ தழைச்சத்து இட்டிருக்கிறீர்கள். நீண்டகால ரகங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவே எக்டருக்கு 150 கிலோ, அதாவது ஏக்கருக்கு 60 கிலோதான். ஒரு டன் நெல் விளைய, வைக்கோலும் சேர்த்துப் பயிர் 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்தை எடுக்கும். உங்கள் 24 மூட்டைக்கு, அதாவது 1,440 கிலோவுக்கு, அதிகபட்சம் 29 கிலோ போதும். அதிலும் கணிசமான பங்கை மண்ணே கொடுத்திருக்கும். ஆகவே இட்ட 71 கிலோவில் பெரும்பகுதி பயிருக்குச் சேரவில்லை. கடைக்காரர் கூட்டச் சொல்லும் நான்காவது மூட்டையும் அதே வழியில்தான் போகும். போகும் வழியில் இலைச்சுருட்டுப் புழுவையும் புகையானையும் அழைத்து வரும்.

அது எங்கே போகிறது என்றால், தேங்கிய நீரில் தூவிய யூரியா சில நாட்களில் அம்மோனியமாக மாறுகிறது. நீரிலுள்ள பாசி பகலில் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நண்பகலில் நீரின் கார அமில நிலை 9 வரை ஏறும். அப்போது அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடுகிறது. நீர் வரப்பு வழிந்து ஓடினால் உரமும் அதனுடனேயே ஓடுகிறது. ஆதலால் மேலுரத்துக்கு முன் நீரை வடித்து, சேறு மட்டும் தெரியும் நிலையில் தூவி, மறுநாள் நீர் கட்டுவதே முறை. மேட்டு வயலில் இன்னும் எளிது: முறைத் தண்ணீர் வருவதற்கு முதல் நாள் ஈரமண்ணில் தூவினால், வரும் நீர் உரத்தை வேர் மண்டலத்துக்கு இறக்கிவிடும். தண்ணீர் வரும் நாள் உறுதியில்லை என்றால், வாய்க்கால் தலைப்பில் நீர் தென்பட்ட பிறகு யூரியாவைப் பிரித்தால் போதும்; நாட்காட்டியைப் பார்த்து உரம் இடுவதைக் கடைமடையில் விட்டுவிட வேண்டும். யூரியா, ஜிப்சம், வேப்பம் பிண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுவது இழப்பை இன்னும் குறைக்கும்.

எப்போது இடுவது என்பதற்கு இலை வண்ண அட்டை போதும். நட்ட 14ஆம் நாளிலிருந்து 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை, காலை 8 மணி முதல் 10 மணிக்குள், அட்டையின் மேல் வெயில் படாமல் உங்கள் நிழலில் வைத்து, முழுதாக விரிந்த மேல் இலைகள் பத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் 4ஆம் எண் நிறத்தைவிட வெளிறி இருந்தால், சம்பாவுக்கு எக்டருக்கு 30 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்கு 26 கிலோ யூரியா இட்டால் போதும். குறுவைக்கு 35 கிலோ என்பார்கள். வெயில் கூடுதலாக இருப்பதால் அப்போது பயிர் அதிகமாகப் பயன்படுத்திக்கொள்ளும். மேகம் மூடிய ஐப்பசி, கார்த்திகையில் கூடுதல் உரத்துக்கு இலை மட்டுமே பச்சையாகும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் மேட்டு வயலுக்கு நன்றாகப் பொருந்தும். 30 செ.மீ. நீளமுள்ள குழாயின் கீழ்ப்பகுதியில் துளைகளிட்டு, துளையுள்ள பகுதி முழுவதும் மண்ணுக்குள் இருக்கும்படி புதைத்து, உள்ளே இருக்கும் சேற்றை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் நீர்மட்டம் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் கட்டலாம். வயலின் மேல் நீர் இல்லாததைக் கண்டு அஞ்ச வேண்டாம். வேர் இருக்கும் ஆழத்தில் ஈரம் இருக்கும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை மட்டும் நீர் குறையக் கூடாது. அப்போது வாடினால் பதர் கூடும்.

பள்ளத்து வயலுக்கும் இதே குழாயை வையுங்கள். தூர் கட்டும் பருவத்தின் இறுதியில் ஒருமுறையாவது நீரை முழுவதும் வடித்து, மயிரிழை வெடிப்பு விழும்வரை காயவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்கும். வீண் தூர்களும் குறையும்.

பதில் 5: உப்பங்கழி

மேலே சொன்ன எல்லாவற்றோடும் உடன்படுகிறேன், கடைசிப் பத்தியைத் தவிர. பள்ளத்து வயலின் மின்கடத்தும் திறன் 1.3 என்பதை யாரும் கவனிக்கவில்லை. மண்ணோடு நீரைக் கலந்து எடுக்கும் இந்த அளவு சிறிதாகத் தெரிந்தாலும், வேர் உணரும் நிறைவுச் சாற்றில் (நீர் நிறைந்த மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் நீரில்) அது பல மடங்கு கூடுதலாக இருக்கும். நிறைவுச் சாற்றில் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 3 டெசிசைமன்ஸைத் தாண்டினால், ஒவ்வோர் அலகுக்கும் நெல் விளைச்சல் சுமார் 12 விழுக்காடு குறைகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. கடலோரத்தில் நிலத்தடி நீரே உவர். மேலே நன்னீர் நிற்கும்வரை உப்பு கீழே அடங்கியிருக்கும். பயிர் நிற்கும்போது வெடிப்பு விழக் காயவைத்தால், நுண்துளைகள் வழியாக உப்பு மேலேறும். வெடித்த களிமண்ணில் அடுத்துக் கட்டும் நீரும் வெடிப்பின் வழியே கீழே போய்விடும். நாகை, வேதாரண்யம் பக்கத்தில் குழாயை நம்பிக் காயவைத்து, இலை நுனி கருகிய வயல்களைப் பார்த்திருக்கிறேன்.

எனவே பள்ளத்தில் காயவைக்காமல் 'மாற்ற' வேண்டும்: மழைக்காலத்தில் நன்னீர் தாராளமாக இருக்கும்போது தேங்கிய நீரை வடித்துவிட்டுப் புதுநீரைக் கட்ட வேண்டும். நடவுக்கு முன்னும் நீர் கட்டி, சேறடித்து, ஒரு நாள் தெளியவிட்டு, வடித்து, மறுபடி கட்டுங்கள். இதில் உப்பும் போகும், சல்பைடும் குறையும். இவை அனைத்துக்கும் வடிகால் வேண்டும் என்பதால், மன்னார்குடி நண்பர் சொன்னதே முதல் வேலை.

இன்னொன்று: ஜிப்சம் இட்டால் எல்லாம் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். ஜிப்சம் சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கு மருந்து. வெறும் உவர் நிலத்துக்கு நன்னீரும் வடிகாலும்தான் மருந்து. உங்களுடையது எது என்று அறிய, மாற்றீட்டுச் சோடியம் (களிமண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு) அளவையும் கேட்டு வாங்குங்கள். 15 விழுக்காட்டைத் தாண்டினால் மட்டும் ஜிப்சம் வாங்கலாம்.

பதில் 6: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

உவர்ப்பைப் பற்றி உப்பங்கழி சொன்னதை ஏற்கிறேன், 1.3 உள்ள வயலில் பயிர்க்காலத்தில் வெடிப்பு விழவிட வேண்டாம், நீர் மாற்றுவதே பாதுகாப்பு. ஆனால் கோடையில் உலரவிடுவதும் உழுவதும் அவசியம். அறுவடை முடிந்து ஈரம் ஏர் பிடிக்கும் நிலைக்கு வந்ததும் உழுதுவிட்டால், உப்பு மேலேறும் நுண்துளைகள் அறுபடும். தாளும் காற்றோட்டத்தில் மட்கும். பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு இந்த உவர்ப்பைத் தாங்கும். ஆனால் பூக்கும் தருணத்தில், 45 முதல் 50 நாட்களுக்குள், மடக்கி உழுது, நடவுக்கு முன் மட்குவதற்கு அவகாசம் கொடுங்கள். பச்சையாக அடித்துவிட்டு உடனே நட்டால், நீங்கள் ஒழிக்க நினைக்கும் கூழ்முட்டை வாடையை நீங்களே வளர்த்ததாகிவிடும்.

ஜிங்க் சல்பேட்டை ஏக்கருக்கு 10 கிலோ வீதம், டி.ஏ.பி.யோடு கலக்காமல், மணலில் கலந்து நடவுக்கு முன் மேலாகத் தூவுங்கள். பிறகும் புள்ளிகள் தோன்றினால் 0.5 விழுக்காடு ஜிங்க் சல்பேட்டும் 1 விழுக்காடு யூரியாவும் கலந்த கரைசலை இலைவழியாகத் தெளிக்கலாம்.

வைக்கோலைக் கட்டாகக் கட்டி விற்பவராக இருந்தால், பயிர் எடுத்த சாம்பல்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு அதில்தான் போகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மண் ஆய்வு அட்டையில் இன்று 'அதிகம்' என்றிருப்பது நெடுநாள் அப்படியே இராது.

பதில் 7: கடைமடைக்காரன்

இந்த ஆண்டு பள்ளத்து வயலில் யூரியாவை இரண்டு மூட்டைக்குள் நிறுத்தி, வண்ண அட்டையைப் பார்த்தே பிரித்து இடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். ஆடிக்குள் வடிகாலை வாரிவிட மற்ற நால்வரிடமும் பேசியிருக்கிறேன், மூவர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஒரே பருவத்தில் ஜிங்க், வடிகால், உர மாற்றம் மூன்றையும் செய்தால் எதனால் பலன் வந்தது என்று எப்படி அறிவது?

பதில் 8: சேற்றுமண்

வடிகால் வயல் முழுவதற்கும் பொதுவாகவே இருக்கும். அதைப் பிரிக்க முடியாது. ஜிங்க்கை மட்டும் பிரிக்கலாம். பள்ளத்து வயலின் நடுவில் ஒரு மா (ஏக்கரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு) நிலத்தைத் தனி வரப்பிட்டு, அங்கே ஜிங்க் இடாமல் மற்றவற்றை அப்படியே செய்யுங்கள். வரப்பு இல்லாவிட்டால் நீர் மாற்றும்போது உரம் கலந்துவிடும். நட்டு மூன்று வாரத்தில் அந்த ஒரு மாவில் மட்டும் துரு தெரிந்தால் காரணம் ஜிங்க். வயல் முழுவதும் தெரிந்தாலும், எங்குமே தெரியாவிட்டாலும், முதலில் வேரைப் பிடுங்கி அலசிப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். அறுவடையின்போது அந்த ஒரு மாவை இயந்திரத்தில் விடாமல் தனியாக அறுத்து, ஈரப்பதம் பார்த்து எடை போடுங்கள்.